வீடும் வண்டியும் ஒருசேர நின்றால்

மோட்டார்ஹோம் என்பது ஓடுகிற வீடு. முன்னால் ஸ்டியரிங்கும் இன்ஜினும்; பின்னால் கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், குளியலறை, தண்ணீர்த் தொட்டி. பெரிய வகை 10 டன்னையும் தாண்டும். கார் வழியில் நின்றுபோனால் பயணம் தடைப்படுகிறது, அவ்வளவுதான். காரில் வந்தவர் ஒரு லாட்ஜைத் தேடிப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். மோட்டார்ஹோம் நின்றால் வீடும் சேர்ந்து நின்றுவிடுகிறது. பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போகும்போது அன்றிரவு படுக்க வேண்டிய கட்டிலும், மாத்திரை டப்பாவும், பிள்ளைகளின் துணிமணிகளும் அதோடு போய்விடுகின்றன. வீட்டை விட்டுப் பிரியாமலே ஊர் சுற்றலாம் என்ற ஆசைதான் இந்த வண்டியை விற்கிறது. அந்த ஆசை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது ஒரு ஃபேன் பெல்ட் அறுந்தால் தெரிந்துவிடும்.

வழியில் நேரும் கேட்டை மனிதன் எப்படி ஏற்றுக்கொள்வது என்பது பழைய கேள்வி. கப்பல் உடைந்தவனும் ஒட்டகம் தொலைத்தவனும் அச்சு முறிந்த வண்டிக்காரனும் கேட்டதுதான். மோட்டார்ஹோம் அந்தக் கேள்வியைக் கூர்மையாக்குகிறது. ஏனெனில், இதில் போகிறவர் ஆபத்தைத் தேடிக் கிளம்பிய சாகசக்காரர் அல்ல. சௌகரியத்தைக் கூடவே எடுத்து வந்தவர்.

கலிபோர்னியாவின் டெத் வேலியில் இதைக் கண்ணெதிரே காணலாம். அங்கே ஃபர்னஸ் க்ரீக்கில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் இன்றும் உலக சாதனை வெப்பம். கடல் மட்டத்தை ஒட்டிய ஸ்டவ்பைப் வெல்ஸிலிருந்து மேற்கே போகும் 190ஆம் எண் சாலை, 30 கிலோமீட்டருக்குள் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள டவுன் கணவாய்க்கு ஏறிவிடுகிறது. ஏற்றத்தில் ஏசியை அணைக்கச் சொல்லும் பலகைகள் உண்டு. பாரமான வண்டி இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறும்போது வெப்பமானியின் முள் நடுவிலிருந்து நகர ஆரம்பிக்கும். அப்போது செய்ய வேண்டிய காரியம் புத்திக்கு ஒவ்வாத காரியம்: வெளியே அனல் அடிக்கையில் உள்ளே ஹீட்டரை முழுவதுமாகத் திறந்துவிட வேண்டும். இன்ஜினின் சூட்டில் ஒரு பங்கு அதன் வழியே வண்டிக்குள் வந்து வெளியேறும். அப்படியும் முள் சிவப்பைத் தொட்டால் ஓரம்கட்ட வேண்டியதுதான். ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கக் கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஆக, முதல் ஒரு மணி நேரம் செய்ய ஒன்றுமில்லை. சும்மா இருப்பதே வேலை. சாய்வான சாலையோரத்தில் நிற்பதால் கேஸில் ஓடும் பழைய வகை ஃபிரிட்ஜும் குளிர்ச்சி தராது. அதற்கு வண்டி மட்டமாக நிற்க வேண்டும். வீடு ஒவ்வொரு அறையாகக் கைவிடுகிறது.

இதே பள்ளத்தாக்கில் 1849 டிசம்பரில் வீடும் வண்டியும் ஒன்றாக இருந்த வேறொரு கூட்டம் சிக்கியது. தங்கம் தேடிக் கலிபோர்னியாவுக்குக் கிளம்பிய குடும்பங்கள், குறுக்கு வழி என்று நம்பி, கித்தான் போர்த்திய கூண்டு வண்டிகளில் மாடு பூட்டி வந்தன. பள்ளத்தாக்குக்குள் இறங்கிய பிறகு மேற்கே மலைச்சுவர்; வண்டி ஏறாது. ஒரு கூட்டத்தார் ஸ்டவ்பைப் வெல்ஸுக்கு அருகே வண்டிகளை உடைத்து, அந்த மரத்தையே எரித்து, மாட்டிறைச்சியை வாட்டி உலர்த்திக்கொண்டு நடந்தே வெளியேறினார்கள். இன்னொரு கூட்டம், பெண்களும் குழந்தைகளுமாக, வண்டிகளுக்கு அருகிலேயே காத்திருக்க முடிவு செய்தது. அவர்களில் வில்லியம் மான்லி, ஜான் ரோஜர்ஸ் என்ற இரு இளைஞர்கள் உதவி தேடிக் கால்நடையாகக் கிளம்பினார்கள். பயணிகளில் பிரையர் என்ற பாதிரியாரும் இருந்தார். நீரூற்று ஒன்றின் அருகே அவர் தம் பிள்ளைகளுக்குக் கல்வியின் பயனைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக மான்லி பின்னாளில் எழுதினார். சிரிப்பதா கும்பிடுவதா என்று தெரியாத காட்சி அது.

இத்தகைய வேளைக்கென்றே ஆயத்தம் செய்த தத்துவம் என்று கிரேக்க, ரோமானிய ஸ்டோயிக் மரபைச் சொல்லலாம். அதன் பிறப்பே ஒரு பயண விபத்தில்தான் என்பது மரபுக் கதை. சைப்ரஸ் தீவின் வணிகன் ஜீனோ, ஊதாச் சாயம் ஏற்றி வந்த கப்பல் உடைந்து ஏதென்ஸில் கரையேறி, ஒரு புத்தகக் கடையில் சாக்ரடீஸைப் பற்றி வாசிக்கக் கேட்டு, வணிகத்தை விட்டுத் தத்துவத்துக்கு வந்தான் என்பார்கள். அம்மரபின் பிற்கால ஆசிரியர் எபிக்டெட்டஸ், அடிமையாகப் பிறந்தவர், கால் ஊனமுற்றவர். அவருடைய பாடம் ஒரே கோட்டில் நிற்கிறது: நம் கையில் இருப்பவை, இல்லாதவை. கருத்து, விருப்பம், வெறுப்பு ஆகியவை நம் கையில்; உடல், சொத்து, பேர் ஆகியவை நம் கையில் இல்லை. கப்பலேறுவதை அவர் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். மாலுமியையும் நாளையும் தேர்ந்தெடுக்கலாம். பிறகு புயல் வந்தால் அது நம் கணக்கு அல்ல, நம் பங்கைச் செய்தாயிற்று. பொதுக் குளியலறைக்குப் போவதற்கு முன்பே அங்கே தண்ணீர் வாரி அடிப்பவர்கள், திட்டுபவர்கள், திருடுபவர்கள் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போகச் சொல்வதும் அவர்தான். குளிப்பதோடு மனநிலையைக் காப்பதும் நோக்கமாக இருந்தால், குளியல் கெட்டாலும் ஒரு நோக்கம் மிஞ்சும்.

பாடம் நல்லது. ஆனால் அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பது எபிக்டெட்டஸ் காட்டுவது போல் அத்தனை நிலையானது அல்ல. டயரை எடுத்துக்கொள்ளலாம். மோட்டார்ஹோம் ஆண்டில் பல மாதம் சும்மா நிற்பதால் அதன் டயர் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடும். மேற்பரப்பில் பள்ளங்கள் புதிது போல ஆழமாக இருக்க, உள்ளே ரப்பர் வெடிப்பு விட்டிருக்கும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும்: முதல் இரண்டு தயாரான வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2318 என்றால் 2018இன் 23ஆம் வாரம். அந்த நான்கு எண்ணைப் படிக்கத் தெரிந்தவருக்கு டயர் வெடிப்பதில் பெரும்பங்கு கையில் இருக்கும் விஷயம். தெரியாதவருக்கு அது விதி. இன்னும் ஒரு படி போகலாம். முன் டயர் வெடித்தால் வண்டி அந்தப் பக்கமாக இழுக்கும். கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். பிரேக் போட்டால் இழுப்பு கூடிக் கவிழ்ந்துவிடும் அபாயம் உண்டு. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை ஒரு கணம் மிதித்து, வண்டியை நேராக்கி, பிறகு தானாக வேகம் குறைய விட வேண்டும் என்பதே பயிற்சியாளர்கள் சொல்லித்தருவது. அந்த அரை நொடியில் யாரும் தத்துவம் யோசிப்பதில்லை. முன்பே பழக்கிய கை யோசிக்கிறது. திறமை வளர வளரக் கோடு நகர்கிறது. ‘இது என் கையில் இல்லை’ என்று சொல்வதற்கு முன் கற்க வேண்டியதைக் கற்றாயிற்றா என்ற கேள்வி ஒன்று பாக்கியிருக்கிறது. ஸ்டோயிக் அமைதியைக் கையாலாகாத்தனத்துக்குப் போர்வையாகப் போர்த்திக்கொள்பவர்கள் தப்பித்துக்கொள்ளும் இடம் இதுவே.

ஜெர்மானிய தத்துவவாதி மார்ட்டின் ஹைடெகர் 1927இல் வெளியிட்ட ‘இருப்பும் காலமும்’ நூலில் உடைந்த கருவியைப் பற்றி எழுதிய சில பக்கங்கள் இங்கே பொருந்தும். சரியாக வேலை செய்யும் சுத்தியல் தச்சன் கண்ணுக்குத் தெரிவதில்லை, ஆணிதான் தெரிகிறது. கருவி கெட்டால்தான் அது ஒரு பொருளாக முன்னால் வந்து நிற்கிறது. அவர் மூன்று விதமாகப் பிரிக்கிறார்: உடைந்துபோய் உறுத்துவது, வேண்டிய நேரத்தில் இல்லாமல்போய் உறுத்துவது, வழியை அடைத்துக்கொண்டு உறுத்துவது. வெடித்த டயர், கிடைக்காத ஜாக்கி, சாலையை மறித்து நிற்கும் வண்டி என்று மூன்றும் ஒரே பிற்பகலில் வாய்ப்பது மோட்டார்ஹோமின் பெருமை. கருவி கெடும்போது அதைச் சுற்றியிருந்த வலைப்பின்னலும் வெளிச்சத்துக்கு வருகிறது என்பது அவருடைய முக்கியமான கருத்து. பெல்ட் அறுந்தவுடன்தான் அடுத்த ஊர் எத்தனை மைல், அங்கே கடை உண்டா, இன்று ஞாயிற்றுக்கிழமையா, போனில் சிக்னல் இருக்கிறதா என்பதெல்லாம் உலகத்தின் பகுதிகளாகின்றன. ஓடும்போது ஜன்னல் வழியே கடந்த பாலைவனம் வெறும் காட்சி; நின்ற பிறகு அது இடம்.

ஹைடெகர் கருவியைப் பார்த்தார்; பழுதுபார்ப்பவனைப் பார்க்கவில்லை. அந்த வேலையைச் செய்தது ராபர்ட் பிர்சிக்கின் ‘ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’ (1974). 121 பதிப்பகங்கள் மறுத்த நூல் அது. 1968இல் மகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மினசோட்டாவிலிருந்து கலிபோர்னியாவுக்குப் போன பயணம் அதன் அடிப்படை. அதில் இரண்டு சம்பவங்கள் இந்த விஷயத்துக்கு மிகவும் வேண்டியவை. முதலாவது, நண்பரின் விலையுயர்ந்த பிஎம்டபிள்யூவில் ஹேண்டில்பார் ஆடுகிறது. இடைவெளியில் சொருக ஒரு மெல்லிய தகடு வேண்டும். பீர் டப்பாவின் அலுமினியத்தை வெட்டிச் சொருகலாம், துருப்பிடிக்காது, மிருதுவானது, கச்சிதமானது என்கிறார் கதைசொல்லி. நண்பருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. தன் வண்டிக்குப் பீர் டப்பாவா! அந்தத் தகட்டின் குணம் ஒருவருக்குத் தெரிகிறது, அதன் பிறப்பு மற்றவருக்குத் தெரிகிறது. சாலையோரத்தில் நாள் முழுக்கக் கம்பெனி சாமானுக்குக் காத்திருப்பவர்களில் பாதிப் பேர் இந்த நண்பரின் வாரிசுகள்.

இரண்டாவது, இறுகிப்போன ஒரு திருகாணி. திருப்புளி வழுக்கித் தலையின் பள்ளம் சிதைந்துவிட்டது, மூடி கழலாது, மூடி கழலாமல் எதையும் தொட முடியாது. அந்தக் கணத்தில் அந்தச் சில்லறைத் திருகாணியின் மதிப்பு முழு வண்டியின் விலைக்குச் சமம் என்கிறார் பிர்சிக். மேலும், இப்படி முற்றிலும் சிக்கி நிற்கும் நிலையை வெறுக்கக் கூடாது, ஜென் துறவிகள் ஆண்டுக்கணக்கில் புதிர்களோடு மல்லாடி வந்துசேரும் வெறுமை இதுவே என்கிறார். முன்முடிவுகள் தீர்ந்துபோன மனம்தான் திருகாணியை முதல் தடவையாகப் பார்க்கிறது. சற்றே மிகையான கூற்றாகத் தோன்றலாம். ஆனால் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் உண்மை தெரியும். கோபத்தோடு திருப்புகிறவன்தான் திருகாணியின் தலையைச் சிதைக்கிறான்.

பௌத்தம் இந்தக் கோபத்தைத் தனியே பிரித்துப் பார்க்கிறது. சம்யுத்த நிகாயத்தின் அம்பு உவமை அறியப்பட்டதே: அறியாதவன் ஒரு அம்பு தைத்த இடத்தில் இன்னொரு அம்பையும் வாங்கிக்கொள்கிறான்; முதலாவது உடல் வலி, இரண்டாவது அதைப் பற்றிய புலம்பல். நின்றுபோன மோட்டார்ஹோமுக்குள் இரண்டாம் அம்பு பெரும்பாலும் பேச்சாக வருகிறது. “நேற்றே சத்தம் வந்தது, நான் சொன்னேன்” என்று ஒரு குரல். “சொன்னபோதே நிறுத்தியிருந்தால் முகாமில் இடம் போயிருக்கும்” என்று இன்னொரு குரல். 40 டிகிரி வெயிலில், அணைந்துபோன ஏசிக்குக் கீழே, மூன்று வருஷத்துக்கு முந்திய கணக்குகளும் திறக்கப்படும். எட்டாம் நூற்றாண்டின் சாந்திதேவர் இதற்கு ஒரு தர்க்கம் வைத்தார்: பரிகாரம் இருந்தால் வருந்துவது ஏன், இல்லாவிட்டால் வருந்தி என்ன பயன்? கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் சாலையோரத்தில் நிற்பவருக்குத் தெரியாதது அதுதான்: பரிகாரம் இருக்கிறதா, இல்லையா? வருத்தத்தைவிட இந்தத் தெரியாமையே மனத்தை அதிகம் தின்கிறது. சாந்திதேவரின் வாதம் நோயறிந்த பிறகு பலிக்கும் மருந்து. நோயறியும் வரைக்கும் பிர்சிக்கின் பொறுமைதான் உதவும்.

‘யார் குற்றம்’ என்ற பேச்சுக்குக் கீதையின் 18ஆம் அத்தியாயத்தில் ஒரு பதில் இருக்கிறது. எந்தச் செயலுக்கும் காரணம் ஐந்து என்கிறது அது: அதிஷ்டானம், கர்த்தா, கரணம், பலவகை முயற்சி, ஐந்தாவதாகத் தெய்வம். அதிஷ்டானத்தை உடல் என்று உரைகாரர்கள் கொள்கிறார்கள்; வண்டியின் உடல் என்று நீட்டிப் பார்ப்பதில் தவறில்லை. ஓட்டுகிறவர் கர்த்தா, இன்ஜினும் டயரும் கரணம், கியர் மாற்றுவதும் பிரேக் பிடிப்பதும் முயற்சி. மீதி ஒன்று. ‘தெய்வம்’ என்ற அந்த ஐந்தாவதைக் கண் முதலிய புலன்களுக்குத் துணைநிற்கும் ஆதித்யன் முதலிய தேவதைகள் என்று சங்கரர் விளக்க, உள்ளிருந்து இயக்கும் பரமாத்மாவே என்று ராமானுஜர் விளக்கினார். எப்படிக் கொண்டாலும் அடுத்து வரும் கருத்து ஒன்றுதான்: தன்னை மட்டுமே கர்த்தா என்று காண்பவன் சரியாகக் காணவில்லை. ‘எல்லாம் உன்னால்’ என்பதும் ‘எல்லாம் என்னால்’ என்பதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். அதே சமயம் ஐந்தில் நான்கு மனிதனின் அருகே இருப்பவை என்பதும் கவனிக்கத்தக்கது. தெய்வத்தின் பேரில் முழுப் பழியையும் போட இந்தப் பட்டியல் இடம் தரவில்லை.

திருக்குறளும் இந்த முடிச்சைத் தொடுகிறது. அறத்துப்பாலின் முடிவில் நிற்கும் 38ஆம் அதிகாரம் ஊழைவிட வலியது எதுவுமில்லை என்கிறது. பொருட்பாலின் 62ஆம் அதிகாரமோ தளராமல் முயல்பவர் ஊழையும் புறங்காட்ட வைப்பார் என்கிறது. முரண் என்று சொல்லி உரைகள் பல வழியில் சமாதானம் தேடின. பயணத்தில் நின்றுபோனவரின் இடத்திலிருந்து பார்த்தால் இவை இரண்டு வேறு வேளைக்கு உரியவை என்று தோன்றுகிறது. நேர்ந்துவிட்டதைப் பார்க்கும்போது ஊழ், அடுத்து எதில் கை வைப்பது என்று பார்க்கும்போது ஆள்வினை. வேளை மாறி நினைத்தால்தான் இரண்டும் கெடுகின்றன. இஸ்லாமிய மரபில் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்புவதா, கட்டாமல் நம்புவதா என்று கேட்டவருக்கு நபிகள் ‘கட்டிவிட்டு நம்பு’ என்று சொன்னதாகத் திர்மிதியின் தொகுப்பு தரும் ஹதீஸும் இந்த வரிசையையே சொல்கிறது.

இதுவரை சொன்னவை எல்லாம் நிற்பவரைப் பற்றியவை. கடந்து போகிறவருக்கு எபிக்டெட்டஸின் கோட்டில் இடம் குறைவு. பிறர் உதவி ‘நம் கையில் இல்லாத’ பட்டியலில் சேர்ந்து அடங்கிவிட்டது. அது அந்தக் கோட்டின் பெரிய ஓட்டை. சட்டம் வகுத்த சமயங்கள் இங்கே வலுவாக இருக்கின்றன. பகைவனுடைய கழுதை சுமையின் கீழ் விழுந்து கிடப்பதைக் கண்டால் விலகிப் போகாதே, அவனோடு சேர்ந்து தூக்கிவிடு என்பது யூத வேதத்தின் யாத்திராகமக் கட்டளை. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா அதைச் சட்டமாக விரிக்கிறது. கழுதைக்காரன் ஓரமாக உட்கார்ந்துகொண்டு, ‘கட்டளை உனக்குத்தானே, இறக்கு’ என்று சொன்னால் வழிப்போக்கனுக்குக் கடமை இல்லை; ஏனென்றால் ‘அவனோடு சேர்ந்து’ என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் அவன் கிழவனோ நோயாளியோ என்றால் கடமை உண்டு. நண்பனுக்குச் சுமை இறக்க வேண்டும், பகைவனுக்குச் சுமை ஏற்ற வேண்டும் என்று இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால், தன் மனத்தை அடக்குவதற்காகப் பகைவனுக்கே முதலில் கைகொடு என்று தல்மூத் சேர்க்கிறது. பிரேக்டவுனைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக யோசித்த வேறு பழைய நூலைக் காண்பது அரிது.

இஸ்லாம் இன்னொரு பக்கத்தைப் பார்த்தது. ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் ஒருவர் வழிப்போக்கர். அரபியில் அவருக்குப் பெயர் ‘பாதையின் மகன்’. ஊரில் அவர் செல்வந்தராக இருக்கலாம். கையற்று வழியில் நிற்கும்வரை அவர் தேவையுள்ளவர்தான். லட்சக்கணக்கில் விலைபோகும் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு குடம் தண்ணீருக்காக நிற்பவரை இதைவிடச் சரியாக வகைப்படுத்த முடியாது. உதவி கேட்பதில் அவருக்கு இருக்கும் கூச்சத்துக்கும் இதில் விடை இருக்கிறது: அங்கே அவர் பிச்சை கேட்கவில்லை, ஒரு தகுதியில் நிற்கிறார்.

1960இல் ஜான் ஸ்டைன்பெக், பிக்கப் வண்டியின் மேல் சிறு வீடு ஏற்றி, அதற்கு டான் கிஹோத்தேயின் குதிரைப் பெயரான ரோசினான்டே என்று பேர் வைத்து, சார்லி என்ற நாயோடு அமெரிக்காவைச் சுற்றினார். ஒரிகனில் மழை கொட்டும் ஞாயிற்றுக்கிழமை பின் டயர் வெடித்தது. சேற்றில் படுத்து மாற்றினார். மற்ற டயரும் நம்பகமில்லை. ஊர்ந்து போய்ச் சேர்ந்த பெட்ரோல் நிலையத்தில், பார்வைக்கு முரடனான ஒருவர் அடுத்தடுத்து போன் போட்டு, அந்த விடுமுறை நாளில் கனரக டயர்களைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார். அந்த நூலின் பல சந்திப்புகளில் கற்பனை கலந்திருக்கிறது என்று பிற்பாடு ஆய்வாளர்கள் சந்தேகம் கிளப்பினார்கள். இருந்தாலும் முரட்டு முகமும் விடாத போனும் பட்டறை வாசலில் நின்றவர்களுக்குப் புதியவை அல்ல.

டெத் வேலியில் காத்திருந்தவர்களுக்கு அப்படிப் போன் போட ஆள் இல்லை. இரண்டு வாரத்தில் வருவதாகப் போன மான்லியும் ரோஜர்ஸும் 200 மைலுக்கு மேல் நடந்து ஒரு பண்ணையை அடைந்து, குதிரைகளும் ஒற்றைக் கண் கோவேறு கழுதை ஒன்றும் உணவும் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். தப்பித்துப் போக அவர்களுக்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. திரும்பும் வழியில் மலைப் பாறையைத் தாண்ட முடியாத குதிரைகளை விட்டுவிட நேர்ந்தது, கோவேறு கழுதை தாண்டியது. கூட்டத்தில் ஒருவர் மணலில் இறந்து கிடந்ததையும் பார்த்தார்கள். வண்டிகள் தெரிந்தன, ஆள் நடமாட்டம் இல்லை. ஒரு வேட்டு போட்டார்கள். வண்டிக்கு அடியிலிருந்து ஒருவர் எழுந்து சுற்றிலும் பார்த்தார், பிறகு கைகளை உயர்த்திக் கத்தினார். புறப்பட்டு ஏறக்குறைய 26 நாள் ஆகியிருந்தது. காத்திருந்தவர்கள் நம்பிக்கை பாதி போன நிலையிலும் கூண்டுக் கித்தானை வெட்டி மாடுகளுக்குச் சேணம் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஆண்களின் சட்டைகளைத் தைத்துப் பைகளாக்கி, க்ரம்ப் என்ற கிழ மாட்டின் இருபுறமும் தொங்கவிட்டுச் சிறு குழந்தைகளை அவற்றில் உட்காரவைத்தார்கள். பெரியவர்கள் நடந்தார்கள். வண்டிகள் அங்கேயே நின்றன.